அரளியைத் தின்னும் புழு

போடிமெட்டு
20.11.2023

ஈஸ்வரிக்கு,

பிரபாகரன் எழுதுறது. நல்லா இருக்கியா? என் நம்பரை நீ பிளாக் பண்ணி மூணு மாசம் ஆச்சு, அதான் பேப்பரை எடுத்தேன். ஜீப்பு ஓட்டுற பால்பாண்டியண்ணன் கையில குடுத்து விடுறேன். கிழிச்சுப் போட்றாத. பெரிய சேதி ஒண்ணும் இல்ல, ஒரு பூச்சியைப் பத்தித்தான்.

ஏலச்செடிக்கு மருந்து அடிச்ச மறுநாள், எஸ்டேட் ஸ்டோர் வாசல்ல லைட்டுக்குக் கீழ பூச்சிக செத்துக் குமிஞ்சு கிடக்கும். நாந்தான் கூட்டி அள்ளுவேன். நேத்து அந்தக் குமியல்ல ஒண்ணு உசுரோட இருந்துச்சு. றெக்கையை விரிச்சா உள்ளங்கை அகலம். பச்சை உடம்பு, அதுல ரோஸும் வெள்ளையுமா வரி. பாசி பிடிச்ச கல்லு மாதிரி இருந்துச்சு. மதுரைக் காலேஜ்ல இருந்து பூச்சி எண்ண வந்திருக்குற சிவரஞ்சனிப் பொண்ணுகிட்டக் காட்டினேன். ரெண்டு வருஷமா இந்த மலையில இதை அது பாத்ததே இல்லையாம். இது ஒரு இடத்துல தங்காதாம், ஊரு விட்டு ஊரு பறந்து போறதாம். அரளி இலையிலதான் முட்டை வைக்குமாம். கீழ யாராச்சும் அரளி போட்டிருக்காங்களான்னு கேட்டுச்சு. எம் பொண்டாட்டி தோட்டமே அரளிதான்னு சொன்னேன்.

உன் தோட்டத்துல அந்தப் பூச்சியோட புழு இருக்கான்னு பாத்து எழுது.

பிரபாகரன்

*

சிலமலை
25.11.2023

பிரபாகரன் அவர்களுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. நல்லாத்தான் இருக்கேன்.

எங்கப்பாவுக்கு நீங்க ஒத்த மருமகன். அவரு எழவுக்குக் கோடித்துணியோட வந்துருவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் தூக்காம வச்சிருந்தோம். எட்டாம் நாள் வந்து நின்னு, "சோலி இருந்துச்சு"ன்னு ரெண்டு வார்த்தை சொன்னீங்க. அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பூச்சிக்காகப் பக்கம் பக்கமா எழுத வருது. சந்தோஷம்.

தை பிறந்ததும் பெரியவங்களைக் கூட்டி நம்ம ரெண்டு பேரையும் அத்துவிட்டுறலாம்னு முனியசாமி அண்ணன் சொல்லிருச்சு. நான் வேண்டாம்னு சொல்லல.

உங்க விருந்தாளி பெத்த பிள்ளைகளை எனக்கு நல்லாத் தெரியும். தளிரையெல்லாம் மொட்டையடிக்கிறது அதுகதான். விரல் தண்டி, பச்சையா, வால்ல ஒரு கொம்பு. தொட்டா தலையைக் குனிஞ்சு, கழுத்துல இருக்குற ரெண்டு நீலக் கண்ணைக் காட்டி முறைக்கும். அப்படியே உங்க அக்கா. தினமும் பூப்பறிக்கையில செருப்புக்காலால நசுக்கிட்டுத்தான் வர்றேன்.

பாண்டீஸ்வரி

*

போடிமெட்டு
1.12.2023

ஈஸ்வரிக்கு,

அது கண்ணு இல்லையாம். குருவியைப் பயங்காட்ட வச்சிருக்குற புள்ளியாம். நம்ம ஆடு மாடு வாய் வச்சா செத்துப்போற அரளியை இது தின்னுட்டு நல்லா இருக்கு பாரு. ஒண்ணே ஒண்ணை மட்டும் நசுக்காம விடு. ஒரு டப்பாவுல போட்டுத் தளிர் போடு. என்ன ஆகுதுன்னு எழுது.

உங்கப்பா விஷயத்துல நான் எது எழுதினாலும் சாக்கு மாதிரித்தான் தெரியும். அதான் எழுத வரல.

பிரபாகரன்

*

சிலமலை
16.12.2023

பிரபாகரன் அவர்களுக்கு,

உங்க பேச்சைக் கேட்டு ஒரு சின்னப் புழுவைப் பிரியாணி டப்பாவுல போட்டு வளத்தேன். என்னா தீனி! காலையில போட்ட இலை மத்தியானம் இருக்காது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா, புருஷனுக்குச் சோறு போடாதவ புழுவுக்கு ஆக்கிப் போடுறான்னு சிரிக்குது.

நேத்து அது தின்னல. பச்சையெல்லாம் போயி மேலு கறுத்து, டப்பாவைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்புறம் சுருங்கிக் கிடந்துச்சு. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன். அரளிச் செடி மூட்டுல, வேருகிட்ட, சருகை விலக்கி, லேசா மண்ணு தள்ளிப் புதைச்சிட்டேன். எங்கப்பாவுக்கு ஊரே சுத்தி நிக்க அழுதேன். இதுக்குத் தனியா உக்காந்து அழுதேன். இதையெல்லாம் யாருகிட்டச் சொல்றது, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

பாண்டீஸ்வரி

*

போடிமெட்டு
19.12.2023

ஈஸ்வரி,

அழாத. அது சாகல. கூட்டுப்புழு ஆகுறதுக்கு முன்னாடி நிறம் மாறி, மண்ணும் சருகும் தேடி இறங்குமாம். நீ புதைச்சேன்னு சொன்ன இடந்தான் அதுக்கு வேணுங்கிற இடம். ரெண்டு மூணு வாரத்துல றெக்கையோட வந்துரும்.

மேலு கறுத்து நெசமாவே சுருண்டு கிடந்தது நாந்தான். ஆவணியில மருந்து அடிக்கையில காத்து எதிர்த்து அடிச்சு, முகமெல்லாம் மருந்து. வாந்தி. கண்ணு மங்கிருச்சு, கை காலு தன்னால துடிச்சுச்சு. நாலு நாள் எஸ்டேட் லயத்து வீட்டுல பாயில கிடந்தேன். ரெண்டாம் நாள் உங்கப்பா சேதி வந்துச்சு. எந்திரிக்கப் பாத்தேன், கால் நிக்கல. நடந்து ஜீப்பு ஏற ஒரு வாரம் ஆச்சு. எழவு வீட்டுல வந்து என் சீக்கைச் சொல்றதான்னு இருந்துச்சு. சொன்னா நீ திரும்ப மலைக்கு விடமாட்ட. அதான் சோலின்னு சொல்லிட்டேன். மாமாவுக்குக் கோடி போடாதது எனக்குச் சாகுற வரைக்கும் ஆறாது.

பிரபாகரன்

*

சிலமலை
21.12.2023

மாமாவுக்கு,

எட்டாம் நாள் முகம் கறுத்து, தள்ளாடி வந்து நின்னீங்களே, குடிச்சிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். அண்ணன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நாலு நாளு நீங்க உசுருக்குப் போராடியிருக்கீங்க, நான் இங்க உங்களைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?

விஷத்தைத் தின்னுட்டுச் சாகாம இருக்க நீங்க என்ன அரளிப்புழுவா மாமா?

இனிமே மருந்து அடிக்கலைன்னு எழுதுறதா இருந்தா எழுதுங்க. இல்லேன்னா எழுதவே வேண்டாம்.

ஈஸ்வரி

*

போடிமெட்டு
5.1.2024

ஈஸ்வரி,

இனிமே மருந்து அடிக்கல. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். வேற வேலை இல்ல, இந்த மாசம் முடியவும் கீழ போயிருன்னாரு. கீழ எனக்கு வீடு இருக்கான்னு தெரியல. பெரியவங்க என்ன சொன்னாலும் சரி, உம் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

பிரபாகரன்

*

சிலமலை
22.1.2024

மாமாவுக்கு,

அரளி மூட்டுல கிளறிப் பாத்தேன். வெறுங்கூடுதான் கிடந்துச்சு. என்னைக்குப் போச்சுன்னு தெரியல. சிவரஞ்சனிகிட்டச் சொல்லிருங்க.

நேத்து பெரியவங்க வந்து உக்காந்தாங்க. உங்களுக்கு ஆள் விடுறதுக்கு முன்னாடி, என் முடிவு என்னன்னு அண்ணன் கேட்டுச்சு. நீங்க குடிக்கல, மருந்து பட்டுக் கிடந்தீங்கன்னு முதல்ல சொன்னேன். அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம், "சரித்தா, இப்ப என்ன செய்யச் சொல்ற"ன்னு கேட்டுச்சு.

"பதினோரு வருஷத்துல அவரு மனசு விட்டு எங்கிட்ட ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்காரு, அதுவும் கடுதாசியில. மிச்சத்தையும் சொல்லி முடிக்கட்டும். கேட்டு முடிக்க எனக்கு ஒரு நாப்பது வருஷம் ஆகும். அதுக்கப்புறம் அத்துவிடுங்க"ன்னேன். பெரியவங்க காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க.

மருந்து அடிச்ச சட்டை வேட்டி எதையும் கொண்டாராதீங்க, அங்கேயே எரிச்சிருங்க. இங்க உங்களுக்கு மாத்துத்துணி துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். இதுக்குப் பதில் எழுத வேண்டாம். இதைக் கொண்டாற ஜீப்புலயே ஏறி வெரசா வந்துருங்க.

உங்க ஈஸ்வரி