இருபத்துநாலு என்று எழுதினேன்

9 ஜூன் 2025, திங்கள்

பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் இன்றும் உட்கார இடமில்லை. மகள் உஸ்மாவுக்கு ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் வந்துவிட்டன, அட்டை போட வேண்டும். கம்பெனியில் ஆறு பெட்டி முடிந்தது. சோலார் கரண்டைப் பகலில் பிடித்து வைத்து வெயில் போனபின் கொடுக்கும் பேட்டரிப் பெட்டிகள். சார்ஜ் ஏற்றி, இருபத்துநாலு மணி நேரம் சும்மா விட்டு, உள்ளே இருக்கும் பேட்டரி செல்களில் எதிலாவது சார்ஜ் தானாக இறங்குகிறதா (அப்படி இறங்கும் செல் பின்னால் தீப்பிடிக்கலாம்) என்று அளந்து, கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்பது வருஷமாக.

12 ஜூன், வியாழன்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் எங்கள் பெட்டி எரிந்துவிட்டது. புகை வருகிறதே என்று அங்கே வேலை பார்க்கும் வெள்ளியங்கிரி என்பவர் கதவைத் திறந்திருக்கிறார். இரண்டு கையும் வெந்துபோயிற்று.

புரொடக்‌ஷன் மேனேஜர் மிதுன் ஃபைல் கேட்டார். நாற்பத்து மூன்றாம் எண் பெட்டி. மே 20. என் கையெழுத்து.

எடுத்துக் கொடுத்தேன்.

13 ஜூன்

மே 20. நினைத்துப் பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது. வாசலில் லாரி. மிதுன் சொன்னது இவ்வளவுதான்: "லாரி நிக்குதுங்க மேடம். பாத்துச் செய்ங்க." பொய் எழுதச் சொல்லவில்லை. பெட்டியைச் சும்மா விட்டது ஆறு மணி நேரம். நான் இருபத்துநாலு என்று எழுதினேன். ஒரு செல்லில் மட்டும் சார்ஜ் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கேயுமா எழுதுவது?

14 ஜூன்

சமைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

17 ஜூன், செவ்வாய்

கம்பெனி அறிக்கை தயார். வெள்ளியங்கிரி ஹோஸ் வைத்துத் தரையைக் கழுவினார், பெட்டிக்குள் தண்ணீர் போயிற்று, தீப்பிடித்தது.

மிதுன் சொன்னார்: "நம்ம பக்கம் எல்லாம் கிளியருங்க மேடம். உங்க பேப்பர்தான் நம்மளக் காப்பாத்திப்போட்டுது."

சரிங்க என்றேன். டீ வந்தது, குடித்தேன்.

19 ஜூன்

என் வீட்டுக்காரர் யாகூப்பிடம் சொல்லிவிட்டேன். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும், சாஜி?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப..." என்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

22 ஜூன், ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வெள்ளியங்கிரிக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. அவர் மனைவி மாசாணியம்மாள் இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வெள்ளியங்கிரி எழுந்து உட்காரப் பார்த்தார். "தண்ணி பட்டிருச்சோ என்னமோ தெரியலீங்க அம்மணி. தெனமும் கழுவுறதுதானுங்க. என்னால உங்க கம்பெனிக்குக் கெட்ட பேராப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம்.

இனி வேலைக்கு வரவேண்டாம் என்று பால் நிலையத்தில் சொல்லிவிட்டார்களாம். மாசாணியம்மாள் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தந்தார். குடித்தேனா? டம்ளர் காலியாக இருந்தது.

23 ஜூன்

பழைய ஃபைல்களைப் புரட்டினேன். அந்த வாரம் அதேபோல் நான் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் இன்னும் எட்டு. ஒன்று பவானியில் ஒரு பள்ளிக்கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

நடந்ததை எழுதி, எட்டு எண்களையும் போட்டு, மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு நகல் மிதுன் மேஜைக்கு.

அவர் இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க மேடம், இத உங்ககிட்ட ஆரு கேட்டாங்க?"

யாரும் கேட்கவில்லைதான்.

4 ஜூலை

வேலை போயிற்று. விசாரணைக்குக் கூப்பிடும்போது வரவேண்டும். எட்டுப் பெட்டிகளும் கம்பெனிக்குத் திரும்பி வந்துவிட்டனவாம். இரண்டில் செல்லின் சார்ஜ் இறங்கியிருக்கிறது. பவானிப் பெட்டி அதில் ஒன்று.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். துணி காயப் போட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். தண்ணீரால் இல்லை, உங்கள் மேல் தப்பில்லை, என் கையெழுத்துதான் என்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாசாணியம்மாள்தான் வாசல் வரை வந்தார். "தெரிஞ்சேதான் எழுதிப்போட்டீங்களா?"

"ஆமாங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்.

2 ஆகஸ்ட்

ஒன்றுமில்லை.

12 செப்டம்பர்

மாசாணியம்மாள் போன் செய்தார். என் நம்பர் யார் கொடுத்தார்களோ. "கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அவர மறுபடியும் வேலைக்குக் கூப்புட்டுட்டாங்க. வேற கம்பெனிப் பொட்டி வெச்சிருக்காங்க. இவரு அந்த ரூமுக்குள்ள காலே வெக்க மாட்டேங்கறாரு. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான? வந்து சொல்லிக் குடுத்துப்போட்டுப் போங்க."

"வாரேனுங்க" என்றேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

காலையில் பால் நிலையத்துக்குப் போனேன். வெள்ளியங்கிரி அறை வாசலிலேயே நின்றார். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், எந்த வாடை வந்தால் கதவைத் திறக்காமல் வெளியே ஓட வேண்டும், மெயினை எங்கே அணைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாக உள்ளே வந்தார். வலது உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். தோல் இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

"எனக்கு இப்பச் சூடு தெரியறதில்லீங்க அம்மணி. நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கை வைத்த இடத்திலேயே என் கையை வைத்தேன்.

"வெதுவெதுன்னுதானுங்க இருக்குது. இப்படித்தான் இருக்கணும்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பால் வண்டியைப் பார்க்கப் போனார். நான் கையை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.