லாபம், ஒண்ணு, ரெண்டு

அக்கா,

ஜவ்வரிசி காயப்போடும் களத்தின் கேட்டைத் திறந்ததும் ஈர மாவின் புளிப்பு வாசம் முகத்தில் அடிக்கிறது. உடனே நினைவில் நீங்கள்தான் வருகிறீர்கள். சேலைக்கு மேல் சட்டை, காலில் பேரன் கழித்துப்போட்ட ஷூ, "வெயில் ஏறுது, வரிசையில நில்லுங்க அம்மிணி" என்ற குரல்.

ஆலையில் எல்லோருக்கும் இடுப்புவலி, முழங்கால்வலி என்று முதலாளி உடற்பயிற்சி சொல்லித்தர ராசிபுரத்திலிருந்து ஒரு பயிற்சிப் பெண்ணை வரவழைத்தார். வேலைக்கு முன்னால் களத்தில் உட்கார்ந்து எழ வேண்டும். உட்கார்ந்தால் எழ முடியாத கால் எனக்கு. வர மாட்டேன் என்றேன். "நான் தூக்கிவுடறேன், வாங்க. ஊட்டுல குந்தியிருந்தா மருமக காப்பி குடுப்பா, மரியாதை குடுப்பாளா?" என்று இழுத்துப் போனீர்கள்.

அந்தப் பெண் "ஒண்ணு" என்றாள். ஒருத்தியும் அசையவில்லை.

"ஏனுங் கண்ணு, எடுத்ததும் ஒண்ணுன்னா எண்ணுவாங்க? லாபம்னு சொல்லுங்க" என்றீர்கள்.

வள்ளப் படியில் கடலை அளந்து வளர்ந்த நமக்கு முதல் வள்ளம் ஒன்று இல்லை, லாபம்; அடுத்தது இரண்டு. அவளுக்கு அது எங்கே தெரியும்? ஏதோ சாமி கும்பிடும் சொல் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் முதல் "லாபம், ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். பத்துக்குப் பதினொன்றாக உட்கார்ந்து எழுந்தோம். நான் முனகினேன். "வுடுங்க, அந்தப் பிள்ளகிட்டச் சொல்லாதீங்க. கூட வர்ற அந்த ஒண்ணுதான் நம்ம லாபம்" என்று கண்ணடித்தீர்கள்.

ஆடி முடிவதற்குள் நான் கையூன்றாமல் எழுந்தேன். களமே கைதட்டியது. நீங்கள் மட்டும், "இனி நான் யாரத் தூக்கிவுடறது?" என்று சலித்துக்கொண்டீர்கள்.

பிறகு ஒரு காய்ச்சல். படுத்த நீங்கள் எழவில்லை.

காரியம் முடிந்து களத்துக்கு வந்தோம். பயிற்சிப் பெண் நின்றாள், வரிசைதான் சேரவில்லை. மூட்டை தைக்கிறாளே, அந்த வாய்க்காரி, அவள்தான் கேட்டாள்: "தவறாம செஞ்ச அக்காவே போயிட்டாங்க. இதுல என்னங்க லாபம்?" பயிற்சிப் பெண் பையை எடுத்துத் தோளில் போட்டாள். கேட்டைத் தாண்டினால் அவள் திரும்பி வர மாட்டாள் என்று தெரிந்தது.

அஞ்சாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசியதில்லை. ஆனாலும் போய் நீங்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். "லாபம்" என்று சத்தமாகச் சொல்லி உட்கார்ந்தேன். எழுந்தேன். கையூன்றவில்லை.

"பாத்தீங்களா அம்மிணி? இதுதான் லாபம்" என்றேன்.

அந்த வாய்க்காரி ஊசியைக் கோணியில் குத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே எல்லோரும்.

இப்போது நான்தான் எண்ணுகிறேன், அக்கா. என் குரல் வாசல் கேட் வரைக்கும் கேட்கும். அந்தப் பிள்ளையிடம் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. லாபம் என்று உட்கார்ந்து எழுவது உங்களுக்கு. ஒண்ணிலிருந்துதான் எங்களுக்கு.