குளத்துக்கு உப்புப் பார்த்தேன்

என் வீட்டு மகாராணிக்கு, உன் வீட்டுக்காரன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

முதலாளி வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் பாசி பிடித்துக் கிடந்ததல்லவா? அதை மண் போட்டு மூடிவிட்டு என் வேலையையும் முடித்துவிடப் பார்த்தார். பத்து நாள் கேட்டு வாங்கினேன். தேய்க்கும்போது வழுக்கி உள்ளே விழுந்தேன். எனக்கு அடியில்லை, தவளைகள்தான் பயந்துவிட்டன. இப்போது தரையில் உள்ள ஓடுகளை எண்ணலாம்!

குளோரின் மாத்திரையின் நெடி அவர் மகளுக்கு ஆகாது. அதனால் உப்புத் தண்ணீரிலிருந்து தானே குளோரின் செய்துகொள்ளும் மெஷினை நான்தான் தேர்ந்தெடுத்தேன். உப்பைக் கொட்டிக் கலக்கி, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "இன்னும் ஒரு மூட்டை வேணுங்க" என்றேன். உப்பு அளக்கும் மீட்டரும் அதையே சொன்னது.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே?" என்றார் முதலாளி.

"கண்ணீர்ல இருக்கிற உப்புல பாதி குளத்துல இருக்கணுங்க. வெங்காயம் உரிக்கிறவனுக்குத் தெரியாதா?"

சமையல்கார அம்மா சிரித்தார். "நீங்க என்னைக்குண்ணே வெங்காயம் உரிச்சீங்க?"

குளம் இனி என் பொறுப்பு, வேலையும் நிலைத்தது. குழம்புக்கு உப்புப் பார்க்கத் தெரியாதவன் என்று இனி வாய் திறக்காதே. இந்தக் கடிதம் கொண்டு வருகிற ஆளிடம் உன் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்பு, தலையணை உறைக்கு. புதுசு வேண்டாம், நீ உடுத்தியதே போதும். மெஷின் சத்தம் போடுகிறது, ஓடுகிறேன்.

உப்பு அறிந்த உன் வீட்டுக்காரன்