இரத்தினம் பொறுப்பு நின்ற கார்

6 செப்டம்பர் 2015, ஞாயிறு

இன்றைக்கும் கோயிலுக்கு ரயிலில்தான் போனேன். மகன் இராஜேந்திரன், மருமகள் சுலோஜனா, பேத்தி ஹரிஷா மூவரும் காரில் போனார்கள். நான் இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேர, பூசை முடிந்து பொங்கல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் விண்விண் என்று வலிக்கிறது. வலிக்கட்டும். அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

கார் வந்து இரண்டு வருடம். ஃபோக்ஸ்வாகன். சாம்பல் நிறம், டீசல். வாங்கின அன்று கோயில் வாசலில் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து ஏற்றினார்கள். நானும் நின்று பார்த்தேன். திரும்பி ரயிலில் வந்தேன்.

காரில் எனக்கு என்ன கோபம்? வாங்கச் சொன்னவனில்தான் கோபம். இரத்தினம், இங்கே சுவிசில், ஷாஃப்ஹவுசனில் ஒரு கராஜில் மெக்கானிக். "ஜெர்மன்காரன்ர எஞ்சின் பொய் சொல்லாது. நான் பொறுப்பு" என்று மகனுக்குச் சொன்னானாம்.

நான் பொறுப்பு. அந்தச் சொல்லை அவன் வாயால் முதலே ஒருதரம் கேட்டிருக்கிறேன்.

9 செப்டம்பர், புதன்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் படிக்க விடவில்லை. ஆனால் ஞாபகத்தில் என்னை வெல்ல ஆள் இல்லை. இதை எழுதி வைக்கிறேன்.

1993, தை மாதம். சரியான பனி. பழைய வீட்டுக் குசினியில் இரத்தினம் வந்து இருந்தான். மண்ணிற ஸ்வெற்றர், முழங்கையில் நூல் விட்டிருந்தது. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி கேட்டான். என் மகள் தர்சினிக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கு என்றான். "தங்கமான பெடியன், அக்கா. குடிவெறி ஒண்டும் இல்லை. நான் பொறுப்பு." ஊரென்றால் நாலு பேரிடம் விசாரிக்கலாம். இங்கே ஆரைப் போய்க் கேட்கிறது? சொந்தக்காரர் ஒரு நாட்டில், அயலட்டை ஒரு நாட்டில். மூன்று ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவ்வளவுதான் விசாரணை.

கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் தர்சினியின் கண்ணுக்குக் கீழே நீலம். ஐந்து வருடம் பொறுத்தாள். பிறகு பிரெஞ்சுப் பக்கம், லா ஷோ-து-ஃபோனுக்குப் போனாள். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. இன்றைக்கும் தனிய இருக்கிறாள்.

அந்த மாப்பிள்ளையின் பெயரை இந்தக் கொப்பியில் எழுதமாட்டேன். இரத்தினத்தின் பெயரை எழுதுவேன். இரத்தினம். இரத்தினம்.

12 செப்டம்பர், சனி

கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

ஹரிஷாவுக்கு ஆள் இருக்கிறதாம். மூன்று வருடமாம். சயன் என்று பெயராம், நல்ல பிள்ளையாம். "ஆற்றை பிள்ளை?" என்றேன். சுலோஜனா அடுப்பைப் பார்த்தாள். மகன் போனைப் பார்த்தான். ஹரிஷாதான் சொன்னாள்: "இரத்தினம் அங்கிள்ட மகன், அப்பம்மா."

நான் இந்தச் சோற்றைத் தொடமாட்டேன் என்று எழும்பிவிட்டேன்.

13 செப்டம்பர், ஞாயிறு

ஹரிஷா வந்து என் கட்டிலில் இருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "நீங்கள் ஓம் எண்டாத்தான் செய்வன். உங்களை ஒரு மூலையில அழ விட்டிட்டு எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்றாள்.

இதுதான் என்னைப் பொல்லால் அடித்த மாதிரி. சண்டை பிடித்தாலாவது நானும் பிடிக்கலாம்.

எனக்கு இல்லை என்று சொல்லத்தான் தெரியும். சொல்லிவிட்டேன். இப்போது வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும்.

23 செப்டம்பர், புதன்

டிவியில் அந்தக் கார்தான். மகன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி நின்று பார்த்தான். எனக்கு ஜெர்மன் பாதிதான் விளங்கும். ஹரிஷா சொல்லித் தந்தாள். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேலே கார்களில் கள்ளமாம். அமெரிக்காவில் பிடித்துவிட்டார்களாம். கொம்பனித் தலைவரே இன்றைக்கு வேலையை விட்டுவிட்டாராம்.

கள்ளம் என்னவென்றால் – புகையை அளக்கச் சோதனைக் கூடத்தில் ஏற்றி நிறுத்துவார்களாம். அங்கே சில்லு சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. அதை வைத்தே காருக்குத் தெரிந்துவிடுமாம், இப்போது என்னைச் சோதிக்கிறார்கள் என்று. உடனே புகையை அடக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்குமாம். தெருவுக்கு இறங்கினதும் தன் குணத்தைக் காட்டுமாம்.

நான் சிரித்துவிட்டேன். மகன் கோபத்தோடு திரும்பிப் பார்த்தான். "இதில என்னம்மா சிரிப்பு?"

"எனக்கு இப்பிடி ஒரு மருமகன் இருந்தவன்" என்றேன்.

27 செப்டம்பர், ஞாயிறு

பிள்ளை என்னோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறாள், கார்க் கதையைச் சாட்டாக வைத்து. போனில் அந்தக் கொம்பனியின் கதையை வாசித்து வாசித்துச் சொன்னாள்.

ஹிட்லர் காலத்தில் தொடங்கினதாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கார் என்று சொல்லி, கிழமைக்குக் கிழமை காசு வாங்கி அட்டையில் முத்திரை ஒட்டினார்களாம். எங்கட சீட்டு மாதிரி. லட்சக்கணக்கில் சனம் கட்டியதாம். கட்டின ஒருவருக்கும் கார் போகவில்லை. சண்டை வந்தது, தொழிற்சாலை சண்டைக்குச் சாமான் செய்தது. பிடித்து வந்த சனத்தை வைத்து வேலை வாங்கினார்களாம். போலந்துப் பெட்டைகள், ரஷ்யாக்காரர். அவர்களுக்குப் பிறந்த குஞ்சுகளை ஓர் இடத்தில் போட்டுச் சாக விட்டார்களாம். அந்த இடத்தில் ஹரிஷா நிறுத்திவிட்டாள். நானும் மேலே வாசி என்று சொல்லவில்லை.

பிறகு சண்டை முடிய ஓர் இங்கிலிஷ் ஆமிக்காரன் அந்த உடைந்த தொழிற்சாலையை ஓட வைத்தானாம். அதிலிருந்துதான் அந்தக் குண்டுக் கார் உலகமெல்லாம் போனது. சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதை எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் டாக்குத்தர் ஒன்று வைத்திருந்தார். முன்னுக்குத் திறந்தால் பெட்டி, பின்னுக்குத் திறந்தால் எஞ்சின். அம்மாவுக்குக் காய்ச்சல் நெருப்பாய் எரிய, மறித்தோம், நிறுத்தாமல் போனார். அந்த நம்பரும் ஞாபகம் இருக்கிறது. எழுதி என்ன.

"அதே தொழிற்சாலையில இறைச்சிச் சொசேச்சும் செய்யினம் அப்பம்மா, அதுக்கும் கார் சாமான் மாதிரி நம்பர் இருக்கு" என்றாள். பொய் என்றேன். போனைக் காட்டினாள். உண்மைதான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேருக்கும் சயன் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டோம்.

இவ்வளவும் செய்ததை, ஒரு காரை மினுக்கிக் காட்டினால் உலகம் மறந்துவிடும். எனக்கு அந்த வரம் இல்லை.

4 அக்டோபர், ஞாயிறு

கோயிலில் இரத்தினத்தைக் கண்டேன். கண்டேன் என்றால், ஆட்கள் அவனைச் சுற்றி நிற்கக் கண்டேன். எங்கட சனத்துக்கு அவன்தான் கார் பார்த்துச் சொல்கிறவன். அவன் தலையாட்டாமல் ஒரு தமிழனும் இந்தப் பக்கத்தில் கார் எடுத்ததில்லை. எல்லாரும் அவன் சொல்லித்தான் இந்தக் காரே எடுத்தார்கள்.

கூட நின்ற தம்பித்துரை என்கிறவன் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "என்ன இரத்தினம் அண்ணை, இப்ப நீங்கள் சொல்லுறது மெய்யோ, இல்லாட்டி கோயிலெண்டபடியா அடக்கி வாசிக்கிறியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன் சுவிஸ் அரசாங்கமே புதிதாய் வாற அந்தக் கார்களைப் பதியவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக் கொடுத்தான். இரத்தினம் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். சயன் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றான். தகப்பனின் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்தான்.

இருபத்திரண்டு வருடம் இந்த நாளுக்குக் காத்திருந்தேன். மனம் குளிர்ந்தது என்று எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். குளிர்ந்தது. கொஞ்ச நேரம்.

10 அக்டோபர், சனி

இரத்தினம் வீட்டுக்கு வந்தான்.

தான் பொறுப்பு நின்ற வீடு வீடாய்ப் போகிறானாம். எங்கள் வீட்டைக் கடைசியில் வைத்திருக்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன். கதவைச் சாத்தவில்லை.

"இராஜேந்திரன், எனக்கு உண்மையா தெரியாது" என்றான். "அந்த எஞ்சினைக் கழட்டிப் பூட்டிறதுதான் என்ர வேலை. ஒவ்வொரு ஆணியும் தெரியும். அதுக்குள்ள இப்பிடி ஒண்டு இருக்கெண்டு கண்ணுக்குத் தெரியாது. சோதிக்கிற மெசினில ஒவ்வொருதரமும் நல்லாத்தான் காட்டினது. நான் அதை நம்பினன்."

மகன் பரவாயில்லை அண்ணை என்றான். கார் ஓடுதுதானே, விடுங்கோ என்றான்.

பிறகு சத்தம் இல்லை. போய்விட்டான் என்று நினைத்தேன். பார்த்தால் குசினி வாசலில் நிற்கிறான். தலை நரைத்துவிட்டது. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது.

"அக்கா, காருக்கு வீடு வீடாப் போறன். தர்சினிட விசயத்துக்கு அப்ப ஒரு வீட்டுக்கு வந்திருக்க வேணும். வரேல்லை. முகமில்லை எனக்கு."

நான் வெங்காயத்தைத்தான் பார்த்தேன். இரு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. போய்விட்டான்.

11 அக்டோபர், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அலுப்பு.

22 அக்டோபர், வியாழன்

அவன் அன்றைக்கு வரவில்லை, அன்றைக்கு வரவில்லை என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வந்துவிட்டான். இனி எதைச் சொல்கிறது? கையில் பிடித்த கயிற்றை மற்றப் பக்கத்தில் ஆள் விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. விழத்தான் வேண்டும்.

இல்லை. இன்னும் பிடித்திருக்கிறேன். தர்சினி தனியத்தானே இருக்கிறாள்.

8 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு லீவில்லை என்று தர்சினி முன்கூட்டியே வந்துவிட்டுப் போகிறாள். கழுத்தில் பிரெஞ்சுக்காரர் மாதிரி ஒரு சால்வை. தலையில் நரை. என் பிள்ளைக்கு நரை.

ஹரிஷா சொல்லியிருப்பாள் போல. முறுக்குப் பிழியும்போது தர்சினி தொடங்கினாள். "அம்மா, என்ர பேரைச் சொல்லி அவளைத் தடுக்காதேங்கோ."

"உன்ர பேரைச் சொல்லாமல் ஆற்றை பேரைச் சொல்லுறது? உன்னை அந்தக் கிணத்துக்குள்ள தள்ளினவன் அவன்."

உரலைக் கீழே வைத்தாள். "நான் கட்டின அந்தாள் மூண்டு ஞாயிறு வந்து சாப்பிட்டவர். தன்ர கோப்பையைத் தானே கழுவினவர். வாழையிலை மாதிரிப் பணிவு எண்டு நீங்களே சொன்னனீங்கள். எனக்கும் பிடிச்சுத்தான் ஓம் எண்டனான். இரத்தினம் மாமாவுக்கும் அதே ஆளைத்தான் காட்டினவர். வேலைத்தலத்தில மணிக்கூட்டை நாங்கள் குப்புறப் போட்டும் பாப்பம், நிமித்திப் போட்டும் பாப்பம். அப்பிடியும் சிலது கையில கட்டினாப் பிறகுதான் பிழையா ஓடும். பாத்தவனில என்ன பிழை?"

நான் அடுத்த முறுக்கை எண்ணெய்க்குள் போட்டேன்.

"உங்கட கோவம் எனக்காக எண்டு நினைக்கிறியள். எனக்கு அது பாரம். வீட்டுக்கு வரேக்கையெல்லாம் அந்தாளின்ர கதைதான். நான் அந்தாளை விட்டிட்டு வந்திட்டன் அம்மா. நீங்கள்தான் இன்னும் வைச்சிருக்கிறியள்."

முறுக்கு ஒரு பக்கம் கருகிப் போனது. அதையும் எடுத்து வைத்தோம்.

பின்னேரம் மழை. ரயிலேற்ற அவளைப் பான்ஹோஃபுக்குக் கொண்டுபோய் விட மகன் காரை எடுத்தான். நானும் குடையை வைத்துவிட்டுப் பின்னுக்கு ஏறினேன். மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், உடனே தெருவைப் பார்த்தான். இருக்கை மெத்தென்று சூடாக இருந்தது. அதற்குள் சூடாக்கவும் வைத்திருக்கிறார்கள். கள்ளன் செய்தாலும் நன்றாய்த்தான் செய்திருக்கிறான்.

29 நவம்பர், ஞாயிறு

ஹரிஷாவுக்கு ஓம் என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது சொன்னேன். நுரையோடு வந்து கட்டிப்பிடித்தாள். சட்டையெல்லாம் பேஸ்ற்.

"அவனையும் மூண்டு ஞாயிறு கூப்பிட்டுப் பாக்கப்போறியளோ அப்பம்மா?"

"வேண்டாம். தகப்பனைப் பாத்து எல்லாரும் சிரிக்கேக்க அவன் செருப்பெடுத்து வைச்சதைப் பாத்தனான். அண்டைக்கு ஒருத்தரும் அவனைச் சோதிக்கேல்லை."

13 டிசம்பர், ஞாயிறு

கோயிலில் தம்பித்துரை பழைய பகிடியைத் திரும்பத் தொடங்கினான். "நம்பின எல்லாரும் ஏமாந்ததுதான் தம்பி. நீயும் அந்தக் காரில்தானே வந்து நிக்கிறாய்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதை இரத்தினத்துக்காகச் சொல்லவில்லை. தம்பித்துரையோடு எனக்கு 2004இல் ஒரு கணக்கு இருக்கிறது.

24 ஜனவரி 2016, ஞாயிறு

தை பிறந்து சம்பந்தம் கலக்க வந்தார்கள். இரத்தினம், மனைவி, சயன். தட்டில் பழம், பாக்கு வெற்றிலை. தர்சினியும் நேற்று இரவே வந்துவிட்டாள். இரத்தினம் அவளைக் கண்டதும் எழும்பினான். "இருங்கோ மாமா" என்றாள். இருந்தான்.

நாளும் பேசினார்கள், ஆவணியில். காருக்குள் இருக்கிற அந்தக் கள்ளத்தை எடுக்கக் கொம்பனி கடிதம் போடுமாம், வந்ததும் தானே செய்து தருவதாக இரத்தினம் மகனுக்குச் சொன்னான். பொறுப்பு என்று சொல்லவில்லை. "செய்து பாப்பம்" என்றான்.

தேத்தண்ணியை நானே போட்டேன். மற்றவர்களிடம் சீனி எவ்வளவு என்று கேட்ட சுலோஜனா அவனிடம் கேட்கத் திரும்ப, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கேட்கத் தேவையில்லை. மூன்று கரண்டி. நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு மெதுமெதுவாய் முழுவதையும் குடித்தான்.

அவர்கள் போன பிறகு கோப்பை கழுவும்போது சுலோஜனா சொன்னாள்: "மாமி, அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. எட்டுப் பத்து வருசமா இனிப்பைத் தொடுறேல்லையாம். மனுசி அங்க இருந்து கண்ணைக் காட்டினவ, அவர் பாக்கேல்லை."

பார்த்திருப்பான்.

அவன் குடித்த கோப்பையை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டும் இல்லை.