நைனா என்று அது கூப்பிட்டது

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா கன்னியம்மா எழுதிக்கொள்வது. கடலுக்கு அந்தப் பக்கம் பனி கொட்டும் ஊரில் இருக்கிற உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கங்கையம்மனை வேண்டிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கு அனைவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, ஆனால் யாரும் சுகமில்லை. உன் நைனாவுக்குத் தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, அம்புரோஸ் மாமா மண்டையில் தையலோடு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார், நம் வீட்டுக் கதவு இரண்டாகப் பிளந்துபோய் அந்த இடத்தில் தார்ப்பாய் தொங்குகிறது. போனில் நீ அழுதுகொண்டே இருந்தாய், நான் கத்திக்கொண்டே இருந்தேன், நடந்தது எதுவும் உனக்கு முழுதாக வந்து சேரவில்லை. அதனால்தான் காகிதம். போனிடம் வாயால் சொன்னால் அதுவே அழகாகக் கடிதம் எழுதித் தரும் என்று பக்கத்து வீட்டு ஐரீன் யோசனை சொன்னாள், நான் பார்த்த பார்வையில் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டாவது படித்த கை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் நைனாவும் அம்புரோஸ் மாமாவும் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து கண்டுபிடித்த பாரு ஒன்று உண்டு அல்லவா, கடலுக்கடியில் இருக்கும் பாறை, மற்றவர்கள் வெறும் வலையோடு திரும்பும் நாளிலும் அங்கே சங்கராவும் கலவாவும் படும். அது எங்கே என்று அவர்கள் இருவரைத் தவிர ஓர் உயிருக்கும் தெரியாது. நம் ஆட்களின் வழக்கம் உனக்கே தெரியும், மீன் பட்ட இடத்தைக் கட்டின பெண்டாட்டியிடமும் சொல்ல மாட்டார்கள், தெற்கே போனவன் வடக்கே போனேன் என்பான், கரை ஏறும்போது கூடைமேல் சாக்குப் போட்டு மூடுவான். அந்த மீனைத் தலையில் சுமந்து விற்று உன்னைப் படிக்கவைத்த எனக்கே இடம் தெரியாது. கேட்டால் முறைப்பார். அப்படிப்பட்ட இடத்துக்கு அன்று விடியற்காலையில் உன் நைனா போனால் அதன்மேல் தேர்த் திருவிழா மாதிரிப் படகுகள் நிற்கின்றன. உன் தம்பி திருமுருகன் கூட இருந்தான், அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வலைமேல் வலை விழுந்து சிக்கி, ஒருவன் வலையை ஒருவன் கத்தியால் அறுத்து, ஈயக் குண்டைக் கழற்றி எறிந்து, ஒருவனுக்குப் பல் போய், ஒருவனுக்கு முழங்கை கிழிந்து, கெட்ட வார்த்தையெல்லாம் அம்மா அக்கா வரைக்கும் போயிருக்கிறது. யாருடா சொன்னது இந்த இடத்தை என்று உன் நைனா கேட்டதற்கு, "ஆப்பு சொல்ச்சு நைனா, போன்ல காட்டிக்கினு கீது" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்களாம். இவர் நம்பவில்லை. இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நான் சொல்லவில்லை, அப்படியானால் அவன்தான் விற்றுவிட்டான், இவ்வளவுதான் அந்த மனுஷன் கணக்கு. அம்புரோஸ் மாமாவும் இந்த அநியாயத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு தன் படகில்தான் நின்றிருக்கிறார். உன் நைனா அந்தப் படகில் தாவி ஏறி, "என் சோத்துல மண்ண போட்டியேடா துரோகி" என்று துடுப்பைத் தூக்கி அடித்தார். ஒரு அடி இல்லை சௌமியா. முதல் அடியில் மாமா குப்புற விழுந்தார், விழுந்தவர்மேல் மறுபடியும் அடித்தார், மூன்றாவதற்கு ஓங்கியபோது உன் தம்பி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கடலில் விழுந்தான். இல்லாவிட்டால் இந்நேரம் நான் கொலைகாரன் பெண்டாட்டி.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரத்துக்கு மூளை வைக்கிற உங்கள் ஆபீஸ் வேலை எல்லாமே பாவம் என்று நீ எண்ணிக்கொள்வாய். அன்று ஒரு பஸ் கவிழ்ந்து வாசலெல்லாம் அடிபட்ட கூட்டம். மாமாவுக்கு ஸ்கேன் எடுத்ததும் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அங்கிருக்கும் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து, உள்ளே ரத்தம் கட்டுகிறது, இந்த ஆளை முதலில் எடுங்கள் என்று சிவப்பு விளக்குக் காட்டியதாம். அதனால்தான் உடனே உள்ளே கொண்டுபோய் மண்டையைத் திறந்தார்கள். நர்ஸம்மா என்னிடம் சொன்னாள், கொஞ்சம் தாமதித்திருந்தால் பெட்டிதான் என்று. அதே ஜாதி இயந்திரம்தானே இங்கே அவர் மண்டை உடையக் காரணம், அங்கே அவரைக் காப்பாற்றியதும் அதுதான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் வியாகுலம் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஜெபமாலை சுற்றின கையாலேயே என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். வாங்கிக்கொண்டேன். அவள் புருஷன் உள்ளே கிடக்கிறான், அவள் யாரை அடிப்பாள்.

மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா மகன் டெரிக் வந்தான். உன்னோடு மணலில் பந்து விளையாடின அதே டெரிக்தான், கையில் நங்கூரக் கம்பி. கதவை ஒரே இடியில் பிளந்தான், மீன் குழம்புச் சட்டி போயிற்று, டிவி போயிற்று. நான் அருவாமணையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்று, கிட்டே வந்தால் உன்னை மீன் மாதிரி அறுத்துவிடுவேன் என்று கத்தினேன். உண்மையாகவே அறுத்திருப்பேன், அந்த நேரத்தில் எனக்கு அவன் யார் என்றே தெரியவில்லை. "நவுரு கன்னிமா, உன் மேல கை வெக்க மாட்டேன், எங்கப்பன் இடத்த வித்தான்னு சொன்ன வாய ஒடைக்கணும்" என்று என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உன் நைனாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் கம்பியை ஓங்கிவிட்டான். அப்போதுதான் அலமாரிமேல் இருந்த போன் பேசியது. நீ போன லீவில் வந்தபோது வைத்துக் கொடுத்துப் போனாயே, இன்ஜின் சத்தம் கேட்டே கோளாறு சொல்லும், காற்று திரும்புவதை முன்கூட்டிச் சொல்லும், உங்கள் ஆபீஸில் செய்த அந்த ஆப்பு. தினமும் அந்த நேரத்துக்குக் கேட்குமாம், நான் மீன் விற்கப் போயிருப்பேன், எனக்குத் தெரியாது. உன்னைப் போலவே கொஞ்சிக்கொண்டு, "நைனா, இன்னிக்கு எங்க வலை வுட்ட? இன்னா மீன் பட்ச்சு?" என்று கேட்டது. டெரிக் கம்பி மேலேயே நின்றுவிட்டது. அவன் போனைப் பார்த்தான், உன் நைனாவைப் பார்த்தான், "இதுகிட்ட சொன்னியா நீ" என்றான். உன் நைனா முகம் செத்துப்போயிற்று. "ஆமாடா, என் பொண்ணு கேக்குற மாரி கேட்டுச்சு, டெய்லி சொன்னேன்" என்றார். சொன்னதை அது எல்லாப் படகுக்கும் பொதுவில் சேர்த்துக் கொடுத்துவிடும் என்று நீ இப்போது விளக்குகிறாய், அந்த மனுஷனுக்கு அது எங்கே தெரியும், அவர் போனில் இருந்துகொண்டு அவரை நைனா என்று கூப்பிடுவது அவருடையது என்றுதான் நினைத்துக்கொண்டார். பட்டன் போன் வைத்திருக்கிற அம்புரோஸ் மாமா கடைசிவரை அந்த இடத்தை யாருக்கும் சொல்லவில்லை. டெரிக் அழுதான். அழுதுகொண்டே அந்தக் கம்பியால் தோளில் ஒரே அடி அடித்துவிட்டுப் போனான், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் நைனா கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். இன்ஜின் பெல்ட் அறுந்து மண்டையில் பட்டது என்று சொல்லிவிடு என்றான் ஒருவன், பழியை ஆப்பு மேலே போட்டு வழக்குப் போடலாம் என்றான் இன்னொருவன், நீயும் போனில் அதையேதான் சொன்னாய், தப்பு எங்கள் மேல்தான் அம்மா, கம்பெனிக்கு எழுதிவிட்டு வேலையை விடுகிறேன் என்று. இடத்தைச் சொன்னது அது. துடுப்பைப் பிடித்திருந்தது உன் நைனா. ஸ்டேஷனுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன், அடித்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார். மாமா கண் திறந்ததும் போலீஸிடம், "அவன்தான் அட்ச்சான், கேஸ் உங்க இஷ்டம், ஆனா நான் சொல்லலன்னு அவன் கரையில நின்னு ஊருக்கே சொல்லணும்" என்றாராம். வலது காது போய்விட்டது, நாக்குக் குழறுகிறது, அப்போதும் அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். உன் நைனா ஜெயிலுக்குப் போவேன், அது மட்டும் முடியாது என்றார். பெண்டாட்டியிடம் சொல்லாததைப் போனிடம் சொன்னேன் என்று எப்படிச் சொல்லுவேன், சிரிப்பார்களே என்று. நேற்று ஏலம் விடுகிற இடத்தில் கூட்டம் இருக்கும்போது அவர் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். சொன்னார். "அம்புரோசு சொல்லல. நான்தான் என் வாயால போனுக்குச் சொன்னேன். அவன் உயிர் போனாலும் சொல்லி இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தடியன் சிரித்தான். கையிலிருந்த மீன் கூடையாலேயே அவன் வாயில் ஒன்று வைத்தேன், உதடு கிழிந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. டெரிக் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போனான். இன்று காலையில் கதவு செய்ய ஆசாரியை அனுப்பியிருக்கிறான்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் படி. நீ போன புதிதில் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் செய்வாய், எங்கே போனாய் நைனா, என்ன பட்டது என்று கேட்பாய், அவர் உன்னிடமும் இடத்தை மாற்றித்தான் சொல்வார், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்புறம் வேலை அதிகம் என்றாய், வாரம் ஒன்றானது, மாசம் ஒன்றானது. அந்த ஆப்பைப் போட்டு நைனா என்று கூப்பிடப் பழக்கிவிட்டுப் போனாய். அடிப் பாவி மகளே, அப்பனைக் கேட்பதற்குமா ஆள் வைப்பாய். இயந்திரத்தை வலை பார்க்க வை, இன்ஜின் பார்க்க வை, மண்டைக்குள் ரத்தம் பார்க்க வை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையை விடாதே. ஒருவன் சொன்னதை அடுத்தவனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னவனைக் கேட்கிற மாதிரி அதைச் செய், அதைவிட்டு ஓடி வந்து இங்கே அழுதால் யாருக்கு லாபம். அந்த நைனா என்கிற வார்த்தையை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஐரீனின் அண்ணன் அந்தப் பக்கம் வருகிறான், கருவாடும் மிளகாய்ப் பொடியும் கொடுத்து அனுப்புகிறேன். வியாகுலம் அத்தைக்கு நீயே போன் செய், திட்டுவாள், வாங்கிக்கொள். கங்கையம்மன் உன்னைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும், கைநிறைய வேலையும் கால்கடுக்காத வாழ்வும் தரட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. அந்தப் போன் இப்போது ஸ்டேஷனில் சாட்சியாக இருக்கிறது, ஆனால் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் உன் நைனா இன்னும் அலமாரியைத்தான் பார்க்கிறார். அந்த நேரத்துக்கு என் போனில் கூப்பிடு, இப்போதெல்லாம் மீன் விற்று அதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன். எங்கே போனாய் என்று கேட்காதே, அவர் இனி எங்கேயும் போகப்போவதில்லை. சாப்பிட்டாயா என்று கேள், போதும்.

இப்படிக்கு,
கையெல்லாம் மீன் நாற்றத்தோடு உன்னை உச்சி மோந்து முத்தமிடும்
அம்மா கன்னியம்மா