கறிவேப்பிலைக்குப் பூட்டிய விளக்கு

ஜனவரி 14, புதன். புருசெத்.

போன காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு எதுவும் மணப்பதில்லை. புற ஊதா ஒளி பட்டால் செடியின் வாசம் கூடும் என்று வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள் இணையத்தில் எழுதுகிறார்கள். அதை நம்பி, இந்தக் குளிர்நாட்டில் வீட்டுக்குள் வளரும் எங்கள் கறிவேப்பிலைக்கும் ஒரு புற ஊதா விளக்கைப் பூட்டினேன். கணகணப்புக்காக அகச்சிவப்பு விளக்கையும் கிட்டவே வைத்தது என் பிழை. சூட்டில் குருத்து கருகிவிட்டது. மிஞ்சிய இலைகள் அம்மாவுக்கு மணக்கின்றனவா என்று இன்று பரிசோதிக்க நினைத்தேன்.

அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க, கடையில் வாங்கிய உறைந்த இலையை முதலில் கசக்கிக் கொடுத்தேன். அது எனக்கே மணக்கவில்லை.

"ஓம் தம்பி, நல்லா மணக்குது. எவ்வளவு நாளா லைற்றோட மினக்கெட்டனி."

பொய்யை முகத்துக்கு நேரே பொய் என்று சொல்கிறவன் நான். ஆனால் இன்று, அது கடை இலை என்று சொல்லாமல், எங்கள் செடியின் இலையைக் கொடுக்காமலே, "அப்ப சொதிக்குப் போடுங்கோ அம்மா" என்றேன்.