இடப்பக்கப் பல்

என் அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மாடிப்படி ஏறும்போது தலைகாட்டுகிறது. வாங்கிக் கொடுத்த தைலம் குப்பி நிறைய அப்படியே இருக்கிறது. நீயே ஒரு அதட்டுப் போடு, என் பேச்சு எடுபடாது.

உன் நலத்தை இரண்டு வருடமாக அம்மா உன்னோடு தொலைபேசியில் பேசுவதைக் கேட்டே தெரிந்துகொள்கிறேன். அப்போதெல்லாம் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரே பக்கத்த அரைமணி நேரமா மனப்பாடம் பண்றீங்களா என்று அவள் கேட்டாள். பயந்தால் செம்பழுப்பு நீரைப் பீய்ச்சிவிட்டு அந்தக் கலங்கலில் மறைந்துபோகும் குள்ளத் திமிங்கலத்தைப் பற்றி நீ சொன்னதும் எனக்குத் தெரியும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்கி ஆழத்தில் இருந்த ஒன்றைப் பற்றியும் சொன்னாய். நான் இரண்டு வருடம் அடக்கியிருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கரையொதுங்கிய ஒரு திமிங்கலத்தை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் நான் எலும்பைக் கோத்து நிறுத்தியிருக்கும் அதே பட்டைப்பல் இனம், அதுவும் ஆண். இது சதையோடு முழுசாக வந்தது. கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு பற்கள். இரண்டும் பட்டைபோல் வளர்ந்து, உள்பக்கமாக வளைந்து, மேல்தாடையைக் கட்டிப்போட்டிருந்தன. கூடத்து எலும்புக்கூட்டின் திறப்புவிழா அன்று நீ சொன்னபடியே.

அப்பா, பல்லு ரெண்டும் பக்கம் மாறியிருக்கு என்று நீ என் காதோடுதான் சொன்னாய். ஊர் கேட்கக் கத்தியவன் நான். முப்பது வருஷமா எலும்போட வாழறவனுக்கு நேத்து காலேஜ் போனவ பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். அந்த வாரமே நீ திமிங்கல ஆராய்ச்சிக்கென்று கப்பலேறிவிட்டாய்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்தில் இருப்பதன் பற்கள் கழன்று பெட்டியில் தனியாகக் கிடந்தவை. முதலில் சரியாகத்தான் வைத்துப் பார்த்தேன். இப்படி ஒரு வாயோடு எந்த உயிர் சாப்பிடும் என்று நானே தீர்ப்பு எழுதி, இடதை வலதில் மாற்றிக் கொம்புபோல் வெளியே விரித்துவிட்டேன். குழியில் உட்காரவில்லை. மெழுகு வைத்து அடைத்தேன். நீ சொன்னபோது எனக்கு அந்த மெழுகு ஞாபகம் வந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

புதியதன் வயிற்றைத் திறந்தோம். கணவாய் அலகுகள் கைகொள்ளாமல் கிடந்தன. வாய் நான்கு விரல் அளவுக்குத் திறந்தாலே அதிகம், அதை வைத்துக்கொண்டு உறிஞ்சியே வயிறு வளர்த்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன். வாயத் தொறக்காமலே காலம் தள்ளியிருக்கே, உங்க சொந்தக்காரனா என்றாள் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவள் பயந்துபோனாள்.

மறுநாள் அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் என் தவறைச் சொன்னேன். இருந்துட்டுப் போகட்டும், யாரு கண்டுபிடிக்கப் போறாங்க என்றார். என் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அடுத்த மாதம் கப்பல் கரை சேர்ந்ததும் இன்னும் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். தாராளமாகப் போடு. அது உனக்குப் பிடித்த வேலை. அதற்கு முன் ஒரு பத்து நாள் வீட்டுக்கு வா.

மெழுகைச் சுரண்டிவிட்டு வலப்பக்கப் பல்லைப் பொருத்திவிட்டேன். தட்டாமல் கொட்டாமல் தானாக உட்கார்ந்தது. இடப்பக்கப் பல்லை உன் பழைய கம்பளித் தொப்பிக்குள் சுற்றி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பார்க்க வரும் பிள்ளைகள் ஒற்றைப் பல்லன் என்று சிரிக்கிறார்கள். எப்போது முடியும் என்று பொறுப்பாளர் தினமும் கேட்கிறார். ஆள் கடலில் இருக்கிறது, வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ ஏறிப் பொருத்து.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா